வேடிக்கைக்கு மட்டுமன்று, அளப்பதற்கும்!



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று உறங்கிக் கொண்டிருக்கக் கூடும். கைப்பேசி வந்தபின் அதை யாரும் தொடுவதில்லை. நிழற்படம் எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பெட்டியில் வீடியோ எடுக்கும் வசதியும் இருக்கும். "அந்த வீடியோ தெளிவாக இராது" என்று ஒதுக்கி விடுகிறோம். திருமணத்தைப் படமெடுக்க அது போதாதுதான். ஆனால், பள்ளி இயற்பியல் சோதனைக்கூடத்தில் அதற்கு ஓர் இடம் தரவேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

வீடியோ என்பது என்ன? சம கால இடைவெளியில் எடுக்கப்பட்ட நிழற்படங்களின் வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் காமிராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பதில் ஒரு பங்கு விநாடி கழிகிறது. ஆகவே, அது படம் பிடிக்கும் கருவி மட்டுமன்று, கடிகாரமும் ஆகும்.

இது புதிய கருத்தன்று. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடுபாதை ஓரமாகப் பல காமிராக்களை 27 அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். படங்களுக்கிடையே சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடி. குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றன என்பது உறுதியாயிற்று. அதுவும், ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் நீண்டு விரிந்திருக்கும்போது அன்று, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது! கண்ணால் காண முடியாததை நிழற்பட வரிசை காட்டிக் கொடுத்தது.

இப்போது நம் சோதனைக்கூடத்துக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்து விழ ஏறத்தாழ 0.45 விநாடி ஆகும். கண் பார்த்துக் கை அழுத்துவதற்கே 0.2 விநாடி போய்விடும். நிறுத்துக் கடிகாரத்தால் இதை எப்படி அளப்பது? கலிலியோவுக்கும் இதே தொல்லைதான். அவர் பந்தைச் சாய்தளத்தில் உருளவிட்டு இயக்கத்தை மெதுவாக்கினார். ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்தார். சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்ற அவரது முடிவு 1638-இல் வெளியான நூலில் உள்ளது. அவருக்குக் கிட்டாத கடிகாரம் உங்கள் அலமாரியில் இருக்கிறது!

நல்ல வெயிலில், சுவரில் மீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். காமிராவை மூன்று மீட்டர் தள்ளி, அசையாதபடி முக்காலியில் வையுங்கள். அளவுகோலை ஒட்டிப் பந்தை விழவிட்டு வீடியோ எடுங்கள். பிறகு அதைக் கணினியில் பிரேம் பிரேமாக நகர்த்தி, மூன்று பிரேமுக்கு ஒருமுறை, அதாவது 0.1 விநாடிக்கு ஒருமுறை, பந்தின் இடத்தைக் குறியுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளில் கடந்த தொலைவுகள் ஏறத்தாழ 4.9, 14.7, 24.5, 34.3 செ.மீ. என வரவேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட 9.8 செ.மீ. அதிகம். அதை 100-ஆல் பெருக்கினால் ஈர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும். பந்தை விட்ட கணம் எந்தப் பிரேமிலும் சரியாக அமையாவிட்டால் தொலைவுகள் மாறும். ஆனால் அவற்றின் வேறுபாடு மாறாது.

வெயில் எதற்கு என்கிறீர்களா? 0.4 விநாடியில் பந்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர். மங்கிய ஒளியில் காமிரா ஒவ்வொரு பிரேமையும் அறுபதில் ஒரு பங்கு விநாடி திறந்து வைத்தால், பந்து 6 செ.மீ.க்கு மேல் கோடாக இழுபடும். வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதுமானால், இழுபடுவது 4 மி.மீ. மட்டுமே.

காமிரா பொய்யே சொல்லாது என்று எண்ண வேண்டா. மூன்று இறக்கை மேசை விசிறி ஒன்று விநாடிக்கு 20 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரு பிரேம்களுக்கிடையே அது 240 பாகை திரும்பும். மூன்று இறக்கைகளும் ஒரே மாதிரியானவை. எனவே விசிறி அசையாது நிற்பதாகத் தோன்றும். வேகம் சற்றுக் குறைந்தால் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும்! தவிரவும், இன்றைய காமிராக்கள் பலவற்றில் பிரேம் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாவதில்லை. வரிவரியாக மேலிருந்து கீழாகப் பதிவாகிறது. விழும் பந்து கீழே இருந்தால் சற்றுப் பிந்தியே பதிவாகும். இதற்கு எளிய வழி உண்டு. காமிராவைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். வரிகள் செங்குத்தாகிவிடும், பந்து அதே வரிகளிலேயே விழும். கருவியின் குறையை அறிந்து அதைத் தாண்டுவதும் இயற்பியல்தானே?

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறேன்? செய்முறைப் பதிவேட்டில் விடையை முதலில் எழுதி, அளவுகளைப் பின்னால் நிரப்பும் பழக்கம் நம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. 9.8 வரவேண்டும் என்று முன்பே தெரியும்; வரவழைத்து விடுகிறார்கள். கல்லூரிக்கு வந்த பின்னும் இப்பழக்கம் போவதில்லை. வீடியோ இருந்தால் அளவைத் திருத்த முடியாது. ஆசிரியரும் தோழரும் அதே பிரேமை எடுத்துத் தாமே அளந்து பார்ப்பார்கள். 9.3 வந்தால் 9.3 என்றே எழுதவேண்டும். "ஏன் குறைந்தது? அளவுகோல் பந்துக்குச் சற்று முன்னால் இருந்ததா?" என்று ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சிதான் அறிவியல், 9.8 அன்று.

"காமிரா பள்ளிக்குள் வந்தால் கவனம் சிதறும்" என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவர். அந்த அச்சத்தை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒவ்வொரு மாணவர் பையிலும் ஒரு கருவியன்று. தராசையும் வெர்னியர் அளவியையும் போல, ஆசிரியர் பொறுப்பில் சோதனைக்கூடத்துக்கு ஒன்று. அதற்கு அழைப்பு வராது. விளையாட்டும் அதில் இல்லை. படமெடுக்க வேண்டியவை பந்தும் ஊசலும். மனிதர் முகங்கள் அல்ல.

ஆகவே, அந்தப் பழைய பெட்டியைத் தூசு தட்டி எடுங்கள். மின்கலத்துக்கு மின்னேற்றிப் பாருங்கள். வேலை செய்தால், பெற்றோரின் ஒப்புதலுடன் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டு போய்க் கொடுங்கள். முதல் சோதனையாகப் பந்தை விழவிடுங்கள். கிடைக்கும் எண் எதுவானாலும், அதை அப்படியே எழுதுங்கள்.