கட்டை விரலுக்கு என்ன கணக்கு?



வெள்ளிமலைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வருகிறது. புளியும் கடுக்காயும் அதே பாதையில் இறங்குகின்றன. ஏற்றுவதும் இறக்குவதும் யாரோ ஒருவர் முதுகில்தான். மூட்டை சரிந்து ஒருவர் கீழே விழுந்தால், வண்டிக் கதவில் விரல் நசுங்கினால், நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். கையில் ஐந்தோ பத்தோ ஆயிரம் கொடுக்கிறோம். கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். சட்டத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. பெயர் மாறினாலும் கணக்கு முறை அதேதான். கிடங்கிலும் சந்தையிலும் சரக்கைக் கையாளும் ஆட்களும் இதில் அடங்குவர். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான ஊழியருக்கு அந்த நிறுவனம் கொடுக்கும். அதற்குப் பொதுவாக 10 பேராவது வேலை செய்ய வேண்டும். நம்மில் பலர் இரண்டு, மூன்று ஆள் வைத்திருப்பவர்கள். ஆகவே பொறுப்பு நேராக நம் கல்லாவுக்கே வருகிறது.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் 10,000 ரூபாய் என்றால் தொகை 12,47,880 ரூபாய். பகுதி ஊனத்துக்கு இதில் ஒரு சதவீதம். கட்டை விரல் முழுவதும் போனால் 30. ஆள்காட்டி விரலுக்கு 14. சுண்டு விரலுக்கு 7. அதாவது கட்டை விரலுக்கு 3,74,364 ரூபாய். சிறு கடைக்கு இது முதலையே தின்றுவிடும் தொகை.

பட்டியலில் உள்ள காயத்துக்குச் சண்டை குறைவு. எண் இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் மூட்டை தூக்குபவருக்கு வருவது பெரும்பாலும் முதுகெலும்புக் காயம். அது பட்டியலில் இல்லை. அப்போது மருத்துவர் எழுதும் சதவீதமே எல்லாம். உடலில் எவ்வளவு ஊனம் என்பது வேறு. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்பது வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை. முதுகு வளையாதவர் கல்லாவில் உட்காரலாம். மூட்டை தூக்க முடியாது. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இடக்கையை இழந்த தச்சருக்கு, ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு ஊனக் கணக்கில் இழப்பீடு கொடுத்தது சரி என்றது.

இது நமக்குப் பாதகமான தீர்ப்பு என்று சிலர் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. சதவீதத்தைக் குறைத்து எழுத வைக்க அலைவதும், கூட்டி எழுத வைக்க அலைவதும் ஒரே தவறுதான். அடிபட்டவரின் வேலை என்ன, எத்தனை கிலோ தூக்கினார், என்ன சம்பளம் என்பதை நாமே எழுத்தில் கொடுத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அப்போது வரும் எண்ணை இருவரும் நம்பலாம்.

“நியாயம் சரி, பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அதற்காகத்தான் இருக்கிறது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பாலிசி எடுத்தால் வித்தியாசம் நம் தலையில் விழும். கொடுக்க வேண்டிய தொகையை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளினால் வட்டியும், தகுந்த காரணம் இல்லையெனில் அபராதமும் உண்டு. அந்த அபராதம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பல்ல என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கி வைப்பதும் காப்பாற்றாது. சமரசத் தொகையானாலும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

தனித்தனியாக முடியாவிட்டால் சங்கத்தின் மூலம் சேர்ந்து பாலிசி எடுப்போம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் ஆட்களின் பெயர், வயது, உண்மையான சம்பளம் மூன்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள். மூட்டை சரிவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.