மறுவாழ்வு வார்டில் விடுபட்ட பாடம்

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவர் மறுவாழ்வு வார்டில் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏராளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் தொடைகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பழக வேண்டும். மலம் கழிக்கவும் நேரம் குறித்துத் தருகிறார்கள். அந்தரங்க உறுப்பைப் பார்த்து, தொட்டு, கழுவி இத்தனை பயிற்சி நடக்கும் இடத்தில், தாம்பத்தியம் என்ற சொல் மட்டும் பெரும்பாலும் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. இதைக் கூச்சம் என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நோயாளிக்குச் சேர வேண்டிய சிகிச்சையில் ஒரு பகுதி கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

உயிர் பிழைத்ததே பெரிது, முதலில் நடக்கட்டும், சம்பாதிக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பார்கள். இந்த வரிசையை யார் போட்டது? தானே கழுத்துத் தண்டுவடக் காயத்தோடு வாழும் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை மேம்படும் என்று காயம்பட்ட 681 பேரிடம் கேட்டு 2004-இல் முடிவுகளை வெளியிட்டார். கை, கால் நான்கும் செயலிழந்தவர்களில் மிகுதியானோர் கையும் விரல்களும் வேண்டும் என்றார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் முதலிடம் கொடுத்தது பாலியல் செயல்பாட்டுக்கு. அது அமெரிக்கா, நம் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று மறுக்கலாம். சொல்ல மாட்டார்கள் என்பது சரி, கேட்டால்தானே சொல்வதற்கு!

கேட்காமல் விடுவதன் விலை பெரிது. மூளையோடு தொடர்பு அறுந்த பிறகும், தண்டுவடத்தின் அடிப்பகுதி சேதமாகாமல் இருந்தால், தொடுதலால் ஆணுறுப்பில் விறைப்பு ஏற்படலாம்; போதாதவர்களுக்கு மாத்திரை உண்டு. விந்து வெளியேறுவது பலருக்குக் கடினம். ஆனால் அதிர்வுக் கருவியாலோ மின்தூண்டலாலோ விந்தைச் சேகரித்துத் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்குக் காயத்துக்குப் பின் சில மாதங்கள் மாதவிடாய் நின்று, பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும். கருத்தரிக்கும் திறனும் கூடவே இருக்கும். இதை யாரும் சொல்லாததால், உடம்பே செத்துவிட்டது, இனி என்ன என்று கருத்தடையைப் பற்றி நினைக்காமலே இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தண்டுவடத்தில் நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு உறவின்போதும் பிரசவத்தின்போதும் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். தலை பிளக்கிற மாதிரி வலித்து, முகம் வியர்த்தால் உறவை உடனே நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது உயிர் காக்கும் தகவல். உறவுக்கு முன்னால் சிறுநீரை எடுத்துவிடுவது, நிரந்தர டியூப் இருந்தால் வயிற்றோடு சேர்த்து ஒட்டிக்கொள்வது, உணர்வில்லாத தோலில் உரசல் காயம் இருக்கிறதா என்று பிறகு கண்ணாடி வைத்துப் பார்ப்பது — பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியவைதான் இவை.

இதைவிட ஆழமானது, தன் உடம்பைத் தானே பார்க்கச் சகிக்காமல் போவது. மெலிந்த கால்கள், தொங்கும் வயிறு, நாற்காலியோரம் ஆடும் யூரின் பேக், எப்போது நாற்றம் வருமோ என்ற ஓயாத பயம். காலையில் மலம் எடுத்துவிட்ட அதே மனைவியின் கையை இரவில் எப்படிப் பிடிப்பது என்று ஒதுங்கும் ஆண், கட்டிலைத் தனியே போட்டுக்கொள்கிறான். மனைவியோ அவனுக்கு விருப்பம் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறாள். இருவரையும் உட்காரவைத்துப் பேசினால் வழி பிறக்கும்: தன்னால் முடிந்த பராமரிப்பு வேலையை அவனே செய்துகொள்ளப் பழக்கலாம், மற்றதில் கொஞ்சத்தை இன்னொருவரிடம் மாற்றலாம். காயத்துக்கு மேலே உள்ள கழுத்தும் காதோரமும் முன்னைவிடக் கூர்மையாக உணரக்கூடும் என்பதே சிலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

நம் பண்பாட்டில் இதைப் பேச முடியாது என்பது பெரிய மறுப்பு. மாற்றுத்திறனாளியை மணப்பவருக்கு உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் தருகிற அரசு நம்முடையது. தாலிக்குத் தங்கம் கொடுக்கலாம், தாம்பத்தியத்துக்கு ஆலோசனை கூடாது என்றால் என்ன நியாயம்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாலியல், இனப்பெருக்க நலச் சேவையை அரசின் கடமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. முடியாது என்று நினைப்பவை மாறும்: 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அதுவும் ஒரு காலத்தில் நடக்காத காரியமாகவே இருந்தது.

ஆள் இல்லை, நிபுணர் இல்லை என்ற மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாக் அனான் என்ற உளவியலாளர் 1976-இலேயே பாலியல் ஆலோசனை என்ற இந்த உதவியை நான்கு படிகளாகப் பிரித்தார். தீவிர சிகிச்சை கடைசிப் படிதான். முதல் படி, இதைப் பற்றி இங்கே கேட்கலாம் என்று தெரியப்படுத்துவது மட்டுமே. டியூப் போடச் சொல்லித்தரும் நர்ஸம்மாவால் அது முடியும்: திரையை இழுத்துவிட்டு, மாமியாரையும் அண்ணனையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வீட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது கேட்கணுமா?" என்று ஒரு வார்த்தை. இல்லை என்றால் விட்டுவிடலாம், அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வரும்போது மறுபடி கேட்கலாம்.

கல்யாணம் ஆகாதவர்களிடம், குறிப்பாக இளம்பெண்களிடம், எதற்கு இந்தப் பேச்சு, வீண் ஆசையைத்தானே வளர்க்கும் என்பவர்களும் உண்டு. இருபது வயதில் அடிபட்ட பெண்ணுக்கு இனி கல்யாணம் கிடையாது என்று வீடு முடிவு செய்கிறது. வார்டு அதை மௌனமாக ஆமோதிக்கிறது. அவளுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்புண்டு என்பது மருத்துவ உண்மை. அதை அவளிடமே சொல்லாமல் டிஸ்சார்ஜ் எழுதுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.