மெத்தனால் உரிமமும் பின்பக்க பேரிங்கும்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு. 2024 ஜூன் 29 அன்று மதுவிலக்குத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. மெத்தில் ஆல்கஹாலுக்குக் கட்டுப்பாடு புதிதல்ல, மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த 1959 விதிகளிலேயே அதன் பெயர் இருக்கிறது. புதிதாக வந்திருப்பது கண்டிப்பு. நம் நைட்ரோ மாதிரி ஹெலிகாப்டருக்கு எரிபொருள் கலக்க ஐந்து லிட்டர் கேட்டுப் போனாலும் கடைக்காரர் முதலில் உரிமத்தைக் கேட்கிறார்.

இதில் இந்த இதழின் நிலை ஒன்றுதான். அவர் கேட்பது நியாயம். காகிதம் இல்லாத மெத்தனாலை நம்மில் யாரும் வாங்க வேண்டாம், பின்வாசல் வழியே வருவதைத் தொடவே வேண்டாம். எரிபொருளுக்குச் சாயம் கலந்து, விவரம் எழுதி ஒட்டி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பவர் எவ்வளவு நன்றாக ஹெலி ஓட்டினாலும் நம் களத்துக்கு வேண்டாம். சில மில்லி உள்ளே போனாலே கண்பார்வையைப் பறிக்கும் பொருள் அது.

ஆனால் இந்தக் கண்டிப்புக்கு யாரும் கணக்கில் எடுக்காத விளைவு ஒன்று உண்டு. எரிபொருள் அரிதானால் பறத்தல் குறையும். பறத்தல் குறைந்தால் எஞ்சின் சும்மா கிடக்கும். நைட்ரோ எஞ்சின் ஓடித் தேய்ந்து போவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாயிற்று. இப்போது அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

32 கிராம் மெத்தனால் முழுமையாக எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகிறது. ஊற்றிய மெத்தனாலின் எடையைவிட வெளிவரும் நீரின் எடை அதிகம்! பெரும்பகுதி ஆவியாகி மஃப்ளர் வழியே போய்விடும். பிஸ்டனைத் தாண்டிக் கசிவது கிராங்க் கேஸில் தங்கும். எரியாமல் மிஞ்சிய மெத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எரிபொருளில் கலந்த நைட்ரோமீத்தேன் தன் பங்குக்கு அமிலத்தை விட்டுச் செல்லும். முப்பது சதவீத நைட்ரோவில் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பங்கு இன்னும் பெரிது. இத்தனையும் பின்பக்க பேரிங்கின் குரோம் எஃகுக் குண்டுகள் மேல் படிந்து நிற்கிறது.

இளையாத்தங்குடிச் சுற்றில் நமக்குப் பறக்கும் களம் கோடையில் காய்ந்த கண்மாய்ப் படுகை. ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் ஹெலி பரணில்தான். ஆண்டிலேயே ஈரம் மிகுந்த அந்த மாதங்களில்தான் பேரிங்கில் துருப்புள்ளி விழுகிறது. தையில் எடுத்துக் கிளப்பினால் சத்தத்திலேயே தெரியும். பேரிங்கின் கூண்டு உடைந்தால் துணுக்குகள் லைனரையும் பிஸ்டனையும் கீறிவிடும். பரணேற்றும் முன் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்ததற்கு ஓர் எஞ்சினே விலை.

துருவை ஆராய்வதற்கென்றே பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். இந்தியாவின் அரிமான வரைபடத்தை வெளியிட்டவர்கள் அவர்கள். அந்த வரைபடம் திறந்தவெளி உலோகத்துக்கு. கிராங்க் கேஸுக்குள் நாமே உண்டாக்கும் சூழலுக்கு நாம்தான் பொறுப்பு.

கடைசிப் பறத்தல் முடிந்து இறங்கியதும், ஐடிலில் ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கிள்ளி எஞ்சினை அணையவிடுங்கள். டேங்கையும் ஹெடர் டேங்கையும் வடித்துவிட்டு மறுபடி கிளப்புங்கள், இனிக் கிளம்பாது என்னும் வரை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையிலும் கார்ப்ரேட்டரிலும் ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டரால் சில நொடி சுற்றுங்கள். ஹெலியை முன்னும் பின்னும் சாய்த்து இரண்டு பேரிங்கும் நனையச் செய்யுங்கள். நீரை விரட்டும் ஸ்பிரே மட்டும் அடித்துப் பரணேற்றினால் மூன்று மாதம் தாங்காது.

வெளிப்புறத் துப்புரவைப் பற்றி இரண்டே சொல். நம் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் மெயின் கியருக்கு அரம்தான், அன்றன்றே துடைத்துவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஒன்-வே பேரிங் பக்கம் பீய்ச்ச வேண்டாம்.

இவை நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் 25 கிலோ வரையிலான மாதிரி வானூர்தியைத் தனி வகையாக ஏற்று, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கும் தந்தன. பறக்கலாம் என்கிறது ஓர் அரசாணை. எதை ஊற்றிப் பறப்பது என்று எந்த ஆணையும் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்கு எத்தனை லிட்டர் வைத்திருக்கலாம் என்று எழுத்தில் கேட்ட என் கடிதத்துக்கு ஓர் அலுவலகம் இன்றுவரை பதில் போடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல் பொதுமக்களுக்கு நைட்ரோமீத்தேன் வரம்பை 16 சதவீதமாகக் குறைத்தது. அங்குள்ள ஹெலிக்காரர்களுக்கு அது கசந்தது. ஆனாலும் ஓர் எண் கிடைத்தது, அதற்கேற்ப நீடிலைத் திருப்பிக்கொண்டார்கள். நமக்கு அந்த எண்கூட இல்லை.

பாகங்களிலும் இதே கதை. 2022 பிப்ரவரி 9 அறிவிக்கை முழு ட்ரோன்களையும் பிரித்து வரும் கிட்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. பேரிங் உதிரிபாகம் இல்லாமல் வேறென்ன? அது வரும் பார்சலையும் சுங்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கிறார்கள். எரிபொருளும் கிடைக்காமல், அதனால் துருப்பிடித்த பேரிங்குக்கு மாற்றும் கிடைக்காமல் ஒருவன் இந்தக் கலையை எப்படிப் பிடித்து வைத்திருப்பான்? இளைஞர்கள் பேட்டரி ஹெலிக்குப் போவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் கேட்பது சலுகை அல்ல. எண்ணெயும் நைட்ரோவும் சாயமும் கலந்து முத்திரையிட்ட மாதிரி எரிபொருளைத் தனிப்பொருளாக அறிவியுங்கள். ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு வையுங்கள். வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து சோதியுங்கள். இதே வாசகத்தோடு ஒரு மனுவை அடுத்த இதழில் அச்சிடுகிறோம். கையெழுத்திட்டு அவரவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.