வெள்ள நஷ்டத்துக்கு யார் பணம் கொடுப்பது?

வெள்ளம் வந்து வீட்டைக் கொண்டு போகிறது. வயலில் கடல் நீர் புகுந்து மண் உப்பாகிறது. இந்த நஷ்டத்துக்கு யார் பணம் கொடுப்பது?

உலக நாடுகளிடம் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஒரு பேராசிரியர். பெயர், சலீமுல் ஹக். வங்காளதேசத்தைச் சேர்ந்தவர்.

தாவர இயல் படித்தவர்

ஹக் 1952-ல் கராச்சியில் பிறந்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தாவர இயல் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில், டாக்காவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பருவநிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தார்.

அவர் வாதம் என்ன?

நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. பூமி சூடாகிறது. கடல் மட்டம் உயர்கிறது. பெருமழை கடுமையாகிறது.

இதுவரை இந்தப் புகையை அதிகம் விட்டவை பணக்கார நாடுகள். வங்காளதேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அடி விழுவது அங்கே! தீங்கு செய்தவர்தானே நஷ்டத்தை ஏற்க வேண்டும்? இதுதான் ஹக்கின் வாதம்.

27 மாநாடுகள்

பருவநிலை பற்றிய ஐ.நா. மாநாடு முதன்முதலாக 1995-ல் பெர்லினில் கூடியது. அதிலிருந்து 2022 வரை நடந்த 27 மாநாடுகளுக்கும் ஹக் சென்றார். ஏழை நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஆலோசனை கூறினார்.

பணக்கார நாடுகள் எளிதில் இணங்கவில்லை. உதவி என்றால் தருவார்கள். நஷ்ட ஈடு என்றால் மறுப்பார்கள். ஏன்? நஷ்ட ஈடு கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகும். வழக்குகள் வரும். அதனால் 2015-ல் பாரிஸ் மாநாட்டில், இந்த ஒப்பந்தத்தின் நஷ்டம் பற்றிய பகுதியைக் காட்டி ஈடு கேட்க முடியாது என்று எழுதி வைத்தார்கள்.

பணம் வந்ததா?

2022-ல் பாகிஸ்தானைப் பெரு வெள்ளம் தாக்கியது. 3 கோடிக்கு மேற்பட்ட மக்கள் அவதிப்பட்டனர். அந்த ஆண்டு நவம்பரில் எகிப்தில் கூடிய மாநாடு, நஷ்டத்துக்கென ஒரு நிதி அமைக்கச் சம்மதித்தது.

2023 அக்டோபரில் ஹக் காலமானார். அடுத்த மாதம் துபாயில் தொடங்கிய மாநாட்டில் அந்த நிதி செயலுக்கு வந்தது. அங்கே நாடுகள் தருவதாகச் சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தான் வெள்ளத்தால் ஏற்பட்ட சேதமும் நஷ்டமும் மட்டும் 3,000 கோடி டாலர்!

உண்டியல் வைத்தாகிவிட்டது. ஆனால் அதில் பணம் போடுவது அவரவர் இஷ்டம். அது கடமையாக மாறும் நாளில்தான் ஹக்கின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.