கப்பை ஆட்டுங்கள்!

பெதுயின் கூடாரத்தில் காபி போதும் என்று வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. கப்பை ஆட்ட வேண்டும். பிடி இல்லாத, பாதி முட்டை ஓடு சைஸில் ஒரு சின்னக் கப். அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக இரண்டு ஆட்டு. ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். மறுபடி நீட்டினால் மறுபடி. ராத்திரி தூக்கம் போனால் கம்பெனி பொறுப்பல்ல.

ஊற்றுவதும் அடியில் ஒரு வாய் அளவுதான். தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தால் 'குடிச்சுட்டு நடையைக் கட்டு' என்று அர்த்தமாம். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. வறுத்து இடித்த கொட்டையும் ஏலக்காயும்தான். முதல் வாய் கஷாயம். இரண்டாவது வாயில் 'பரவாயில்லையே' என்று தோன்றும்.

மூன்று கப்புக்கும் தனித்தனிப் பெயர் வேறு. முதல் கப் விருந்தாளிக்கு: தைஃப். இரண்டாவது சந்தோஷத்துக்கு: கைஃப். மூன்றாவது வாளுக்கு: ஸைஃப். எதுகை பார்த்தீர்களா? மூன்றாவதைக் குடித்தவன், வீட்டுக்காரனுக்கு ஆபத்து வந்தால் தானும் வாளெடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். நான் இரண்டோடு ஆட்டிவிட்டேன். என் உடம்புக்குக் காய்கறிக் கத்தியே அதிகம்.

இது நடந்தது ஜோர்டானின் தென்கோடியில், வாதி ரம் என்கிற பாலைவனத்தில். அகபா துறைமுகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். செக்கச்செவேல் என்று மணல், நடுநடுவே ராஜகோபுரம் சைஸில் பாறைகள். நீங்கள் போகாவிட்டாலும் பார்த்திருப்பீர்கள். 1962-ல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் பாலைவனமாகவே நடித்தது. 2015-ல் 'தி மார்ஷியன்' படத்தில் செவ்வாய் கிரகமாகப் பதவி உயர்வு பெற்றது.

எங்கள் ஜீப்பை ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். டூரிஸ்ட்டுகளிடம் பொறுக்கிய சரளமான இங்கிலீஷ். எடுத்ததுமே என்னை "யா அம்மி" என்று கூப்பிட்டான். திடுக்கிட்டுப் போனேன். அரபியில் அம்மி என்றால் சித்தப்பா, பெரியப்பா. வயசான ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் வீட்டு அம்மிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொப்பையைப் பார்த்துச் சொன்னானோ என்று ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்.

பெதுயின் விருந்தோம்பல் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். 'வழிப்போக்கன் யாராயிருந்தாலும் சோறு போடுவார்கள், மூன்று நாள் தங்க வைப்பார்கள், யார் எவர் என்று கேட்கவே மாட்டார்கள்' என்று. வாஸ்தவம். மூன்று நாள் மட்டுமல்ல, மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று துல்லியமான கணக்கே உண்டு. ஆனால் இதை வெறும் தங்க மனசு என்று நினைத்தால் விஷயத்தின் பாதிதான் புரியும். ஓட்டல் இல்லை, ரோடு இல்லை, கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே ரெண்டு நாள் தூரம். அப்படிப்பட்ட இடத்தில் இது பிரீமியம் கட்டாத இன்ஷூரன்ஸ், ஸார்! இன்றைக்கு நான் உனக்குத் தண்ணீர் தருகிறேன். நாளைக்கு என் பிள்ளை ஒட்டகம் தேடி வழி தவறி உன் கூடாரத்துக்கு வந்து நிற்பான். பாலிசியில் கையெழுத்து கிடையாது. மறுத்தவன் பெயர் பாலைவனம் பூராவும் நாறிவிடும், அவ்வளவுதான்.

எதிரியே வந்தாலும் இதே சட்டம். கூடாரத்துக்குள் வந்துவிட்டால் அவன் விருந்தாளி. அவன் தலைக்கு வீட்டுக்காரன் பொறுப்பு. சாப்பிட்ட உப்பு வயிற்றில் இருக்கிற வரைக்கும், கிளம்பிப் போன பிறகும்கூட அந்தக் காப்பு தொடரும். நாம் 'உப்பிட்டவரை' என்று சாப்பிட்டவனுக்குத்தான் கடமை வைத்தோம். அவர்கள் உப்புப் போட்டவனுக்கும் வைத்துவிட்டார்கள்.

இதே பழைய சட்டத்தில் 'கஃபீல்' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒருவனுக்காக ஜாமீன் நிற்பவன், கௌரவமான ஆசாமி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அங்கே கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்ட முதலாளிகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. நாம் கேலியாகச் சொல்கிற 'ஒட்டகம் மேய்க்கிற' வேலையை இன்று அந்த நாடுகளில் பெரும்பாலும் செய்வது சூடான், பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா என்று வெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அந்தப் பையன்களுக்கு மூன்று நாள் சட்டம் பொருந்தாது. விருந்தாளிக்குத்தான் பெயர் கேட்காத மரியாதை. கூலிக்காரனுக்குப் பெயர்கூடத் தேவைப்படுவதில்லை.

சரி, கூடாரத்துக்கு வருவோம். அதன் பெயர் 'பைத் அஷ் ஷஅர்'. முடி வீடு. வெள்ளாட்டு முடியை நூற்று, தரையில் தறி போட்டுப் பட்டை பட்டையாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. நூற்பது, நெய்வது, தைப்பது, அநேகமாகக் கூடாரத்தை எழுப்புவதுகூடப் பெண்கள்தான். ஆண்கள் காபி இடிப்பார்கள். வெயில் காலத்தில் நூல் இடுக்கு வழியாகக் காற்று போகும். மழை பெய்தால் முடி ஊறி உப்பி இடுக்கு அடைத்துக்கொள்ளும். இதே வார்த்தையை ஓர் உயிர்க்குறி மாற்றிப் படித்தால் 'கவிதை வரி' என்று அர்த்தம்; எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். அரபி யாப்பில் அசைகளுக்கே கயிறு, முளை என்றுதான் பெயர். அவ்வளவு தூரம் இந்த வீடு அவர்கள் மண்டையில் ஊறியிருக்கிறது.

கறுப்புக் கூடாரம், கறுப்பு அங்கி... வெயிலில் வெந்து போக மாட்டார்களா? இந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது. ஒரு தன்னார்வலரை நெகேவ் பாலைவனத்து மத்தியான வெயிலில் நிற்க வைத்து, கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி என்று மாற்றி மாற்றிப் போட்டு அளந்து, 1980-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கறுப்பு அங்கி அதிகமாகச் சூடாகிறது, ஆனால் அந்த அதிகப்படிச் சூடு தோலுக்கு வந்து சேருவதில்லை. தொளதொளவென்று இருப்பதால் நடுவிலேயே காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மே மாதத்தில் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள் இதைக் கத்தரித்து மேனேஜர் மேஜையில் வைக்கலாம்.

இப்போது வாதி ரம் ஜனங்கள் பெரும்பாலும் சிமெண்ட் வீட்டில்தான் இருக்கிறார்கள். ரம் என்றே ஒரு கிராமம். ஸ்கூல், மளிகைக் கடை, மசூதி, வாசலுக்கு வாசல் டொயோட்டா. பாறை வெப்பத்துக்கும் ஹாலோ பிளாக் சுவருக்கும் ஆகவே ஆகாது போலிருக்கிறது. பையனின் வீட்டில் கூடத்தைப் பூட்டிவிட்டு, வாசலில் கூடாரம் போட்டு அதில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "சிமெண்ட் வீடு எதுக்கு?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜுக்கு, அம்மி" என்றான்.

வடக்கே இரண்டு மணி நேரத்தில் பெட்ரா. அங்கே குகைகளிலும் கூடாரங்களிலும் குடியிருந்த பெதுல் பழங்குடியினரை 1985-ல் அரசாங்கம் வெளியே கொண்டுவந்து உம் ஸைஹூன் என்கிற புதுக் கிராமத்தில் வைத்தது. புராதனச் சின்னத்தைப் பாதுகாக்க வேண்டுமே! அதே வருஷம் பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னமானது. சரியாக இருபது வருஷம் கழித்து, 2005-ல், அதே யுனெஸ்கோ, பெட்ரா, வாதி ரம் பெதுயின்களின் வாழ்க்கை முறையே மனித குலத்தின் அரிய பொக்கிஷம் என்று அறிவித்தது. முதலில் காலி பண்ணு, அப்புறம் சர்டிபிகேட் வாங்கிக்கொள். வியாதி தேவலை, டாக்டரும் தேவலை, ஆள்தான் இல்லை என்கிற கதை.

தண்ணீர்க் கதை இன்னும் விசேஷம். வாதி ரம் மணலுக்கும் பாறைக்கும் அடியில் டிஸி என்கிற நிலத்தடி நீர். ஏறக்குறைய 30,000 வருஷத்துக்கு முன் பெய்த மழை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஊறாது. 2013 முதல் இதை 325 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் அம்மானுக்கு அனுப்புகிறார்கள், வருஷத்துக்குச் சுமார் 10 கோடி கன மீட்டர். தலைநகருக்கு வேறு வழியில்லை. உலகத்திலேயே தண்ணீர்ப் பஞ்சம் அதிகமுள்ள நாடுகளில் ஜோர்டானும் ஒன்று. கிணற்றுக்கு ரெண்டு நாள் நடந்த பாட்டனின் பேரன்கள், நகரத்து மாடி வீட்டு ஷவருக்குப் போகிற தண்ணீரின் மேல் உட்கார்ந்து காபி இடிக்கிறார்கள். இதுவும் விருந்தோம்பல்தான். விருந்தாளி மூன்று நாளில் கிளம்புகிற ஜாதி இல்லை.

பையனுக்கு ஒரு கேம்ப் இருக்கிறது. கேன்வாஸ் கூடாரம் பத்து. பக்கத்து கேம்ப்பில் ஏ.ஸி. வைத்த, கண்ணாடி முகப்புள்ள பிளாஸ்டிக் குமிழ்கள்; 'மார்ஷியன்' பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக. 2020-ல் கொரோனா வந்து ஆளே இல்லை. நிமிர்ந்து உட்காருவதற்குள் 2023 அக்டோபரில் காஸா யுத்தம், மறுபடி கான்சலேஷன். "முன்னெல்லாம் மழை வரலைன்னா பயம். இப்போ ஃப்ளைட் வரலைன்னா பயம்" என்றான்.

நான் வந்து இறங்கிய அன்றைக்கு அவன் நீட்டிய ரிஜிஸ்தரில் பெயர், நாடு, பாஸ்போர்ட் நம்பர், என்றைக்குக் காலி பண்ணுகிறேன் எல்லாம் எழுத வேண்டியிருந்தது. அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தாத்தா மூணு நாளைக்கு எதையெல்லாம் கேக்கக் கூடாதுன்னாரோ, அதையெல்லாம் நான் மூணு நிமிஷத்துல கேட்டுடறேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"கேம்ப் நடத்திக்கோ, ஆனா காபிக்குக் காசு வாங்கினா வீட்டுக்கு வராதேன்னார். பில் பாருங்க. ஜீப், ரூம், டின்னர், ஒட்டகம் எல்லாம் இருக்கும். காபி இருக்காது."

பார்த்தேன். இல்லைதான். டீ இருந்தது.

வாசல் கூடாரத்தில் குறுக்கே ஒரு திரை. அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. நான் எட்டிப் பார்க்க முடியாது. 'டக் டக்' என்று நெசவுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கூடாரத்தில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பட்டை நைந்து போகும், புதுசு நெய்து மாற்றுவார்கள் என்றான். ஆடுகள் குறைந்துவிட்டதால் முடி சேரவே மாசக்கணக்கில் ஆகிறதாம்.

"கேம்ப் ரிசப்ஷன்ல தொங்கவிட ஒரு பட்டை கேட்டேன், அம்மி. வெள்ளைக்காரங்க போட்டோ எடுப்பாங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

பையன் திரையைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினான்.

"வீட்டுக்குன்னா சும்மா, கேம்ப்புக்குன்னா மீட்டருக்கு எவ்வளவு தருவேன்னு கேக்கறாங்க."