கடன் எப்போது வருமானம் ஆனது?

மேடை போட்டு மகளிர் குழுக்களுக்குக் கடன் காசோலை தருகிறார்கள். 'வறுமை ஒழியுது' என்று நாமும் கைதட்டுகிறோம். பி.காம். முதல் வருஷப் பாடம் சார் இது! கடன் என்பது வருமானம் இல்லை. ஐந்தொகையில் பொறுப்புப் பக்கம் எழுத வேண்டிய சமாச்சாரம்.

கேரளாவின் ஆலப்புழையைப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில், ஏழை யார் என்று அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களே கணக்கெடுத்தார்கள். 'மாச வருமானம் எவ்வளவு?' என்பது கேள்வியே இல்லை. கழிப்பறை இருக்கா? நல்ல தண்ணி வருதா? ரெண்டு வேளையாவது சாப்பாடு உண்டா? வீட்டில் குடிகாரர் இருக்காரா? இப்படி ஒன்பது விஷயங்கள். பதிலிலேயே வைத்தியமும் தெரிந்துவிடும். கழிப்பறை இல்லாத வீட்டுக்குத் தேவை கழிப்பறை, கடன் இல்லை!

அந்த அனுபவத்தில் 1998-ல் பிறந்ததுதான் குடும்பஸ்ரீ. அங்கேயும் கடன் உண்டு. கூடவே பஞ்சாயத்தின் கை, சேர்ந்து குத்தகை எடுத்த வயல், சேர்ந்து நடத்தும் ஓட்டல் எல்லாம் உண்டு.

இத்தனைக்கும் சுயஉதவிக் குழுவில் முந்திக்கொண்டது நாம்தான். 1989-லேயே தருமபுரியில் ஆரம்பித்தோம். ஆனால் இன்றைக்கும் மேடையில் கைதட்டல் வாங்குவது கடன் தொகை மட்டும்தான்.

அடுத்த விழாவில் 'எத்தனை கோடி?' என்று கேட்காதீர்கள். 'ஏழைகள் பட்டியலை எழுதியது யார்?' என்று கேளுங்கள். மைக் கொஞ்ச நேரம் மௌனமாகும்.