பொதுப் பெட்டியின் சாவி யாரிடம்?

இணைய விளையாட்டுக்களைப் பற்றி எழுதும் வயதை இவன் கடந்துவிட்டானே என நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நான் எழுத வந்தது விளையாட்டைப் பற்றியல்ல. உறுப்பினர், பங்கு, பொதுப்பணம், கையொப்பம் என்ற மிகப் பழைய விடயங்களைப் பற்றியே.

வியட்நாமின் ஸ்கை மாவிஸ் நிறுவனம் 2018 இல் 'அக்ஸி இன்பினிட்டி' என்ற பிளொக்செயின் விளையாட்டைத் தொடங்கியது. அப்போது விளையாடுவதற்கு மூன்று அக்ஸி உயிரிகளை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2021 இல் அதற்கு நூற்றுக்கணக்கான டொலர்கள் தேவைப்பட்டன. கொவிட் முடக்கத்தில் தொழிலிழந்திருந்த பிலிப்பைன்ஸ் மக்களிடம் அத்தொகை இருக்கவில்லை. ஆகவே கில்ட் எனப்படும் சங்கங்கள் உயிரிகளை வாங்கி அவர்களுக்கு இரவல் கொடுத்தன. இவற்றுள் பெரிதான யீல்ட் கில்ட் கேம்ஸில், ஈட்டப்படும் எஸ்.எல்.பி. டோக்கனில் 70 வீதம் விளையாடுபவருக்கு, 20 வீதம் அவரைச் சேர்த்துப் பயிற்றும் முகாமையாளருக்கு, 10 வீதம் சங்கத்துக்கு என்பது ஏற்பாடாக இருந்தது. இதற்குப் 'புலமைப்பரிசில்' என்று பெயர். எந்தப் புண்ணியவான் அச்சொல்லைத் தெரிவு செய்தாரோ! நம்மூர் வயற்காரர் இதை வாரக் குத்தகை என்றே சொல்லியிருப்பார்.

பங்கு வீதத்தில் நான் குறை காணவில்லை; 70 வீதம் தாராளமானதே. குறை வேறிடத்தில் உள்ளது. இம்முறையில் கணக்கை ஆரம்பிப்பவர் முகாமையாளர். அதன் இரகசியச் சொற்றொடரும் அவரிடமே இருக்கும். விளையாடுபவருக்குக் கிடைப்பது உள்நுழைவு அனுமதி மட்டுமே. அவர் உழைத்துச் சேர்த்த டோக்கன் முதலில் முகாமையாளரின் பணப்பைக்குச் சென்று, பின்னரே அவரது பங்கு பிரித்து அனுப்பப்படும். நாளாந்த இலக்கை எட்டாதவரை நீக்கவும் முகாமையாளரால் முடியும். இடைத்தரகரே தேவையில்லை என்று மார்தட்டிய தொழில்நுட்பம் இறுதியில் ஒரு கங்காணியையே கொண்டுவந்து நிறுத்தியது. 2021 யூலையில் 30 அமெரிக்கச் சதத்துக்கு மேல் விற்ற எஸ்.எல்.பி., 2022 நடுப்பகுதியில் ஒரு சதத்துக்கும் கீழே வீழ்ந்தபோது, 70 வீதத்துக்கும் பொருளில்லாமற் போயிற்று.

சாவிகளைப் பற்றிய இந்த அசட்டை கீழ்மட்டத்தோடு நிற்கவில்லை. இவ்விளையாட்டின் பணம் வந்துபோகும் ரொனின் பாலத்தில் ஒப்பமிடும் கணுக்கள் ஒன்பது இருந்தன. பணத்தை வெளியே எடுக்க ஐந்தின் ஒப்பம் போதுமாயிருந்தது. அவற்றுள் நான்கு ஸ்கை மாவிஸிடம் இருந்தன. ஐந்தாவது, அக்ஸி டாவோ என்ற பொது அமைப்பினுடையது. பயனர் நெரிசலைச் சமாளிக்கவென 2021 நவம்பரில் அது தன் சார்பில் ஒப்பமிடும் உரிமையை நிறுவனத்துக்கு வழங்கியது. டிசம்பரில் அத்தேவை முடிந்தது. அனுமதியை மீளப் பெற எவரும் நினைக்கவில்லை. 2022 மார்ச் 23 அன்று 173,600 ஈதரும் 25.5 மில்லியன் யு.எஸ்.டி.சி.யும் களவாடப்பட்டன. பெறுமதி 600 மில்லியன் டொலருக்கு மேல். வடகொரியாவின் லாசரஸ் குழுவே இதன் பின்னணியில் இருந்ததாக அமெரிக்க எப்.பி.ஐ. பின்னர் அறிவித்தது. களவு தெரியவந்ததோ ஆறு நாட்களின் பின், ஒரு பயனர் தம் பணத்தை எடுக்க முடியாமல் முறையிட்டபோதுதான்.

ஊர்ச் சங்கமொன்றின் வங்கிக் கணக்கில் பழைய பொருளாளரின் கையொப்பத்தை நீக்காமல் விடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கம் நடத்தும் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கில்ட் நடத்துவோர் விளையாட்டுத் திறன் பார்த்து உறுப்பினரைச் சேர்க்கட்டும். ஆனால் பொதுப் பணப்பையைத் திறக்கும் சாவிகளில் ஒன்றையேனும் விளையாடுவோர் தெரிவு செய்தவரிடம் கொடுக்க வேண்டும். வழங்கிய அனுமதிகளுக்கு முடிவுத் திகதியும் வேண்டும்.

2022 யூனில் பாலம் மீளத் திறந்தபோது பயனர்களின் வைப்புக்களுக்கு நிறுவனம் ஈடு செய்தது. ஈடு செய்யப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது 56,000 ஈதர். அது அக்ஸி டாவோவின் பொது நிதி.